மையில் தினம் ஒரு விலங்கு கார்ட்டூன்: 31 நாளைத் தாண்டுவது எப்படி

ஜேக் பார்க்கர் என்ற ஓவியர், மையில் வரையும் பழக்கத்தைச் சீராக்கிக்கொள்ள 2009-இல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட சவால்தான் இன்க்டோபர். அக்டோபரின் 31 நாளும் நாளுக்கு ஒரு மைச்சித்திரம். முதலில் பென்சிலில் வரைந்துகொள்ளலாம். கடைசியில் மை ஏற வேண்டும். தினமும் முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாளோ வாரத்துக்கு ஒன்றோ வரையலாம் என்ற சலுகையும் உண்டு. 2016 முதல் நாளுக்கு ஒரு சொல் என்ற பட்டியலும் சேர்ந்துகொண்டது. இதே பாணியில் வேறு மாதங்களில், வேறு பெயர்களில் எத்தனையோ சவால்கள் இப்போது நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும், யாரிடமும் சொல்லாமல் தனியாகச் செய்தாலும், மேசை மேல் நடக்கும் வேலை ஒன்றுதான்.

அந்த வேலைக்கு விலங்கு கார்ட்டூனை எடுத்துக்கொள்வதில் ஒரு வசதியும் ஒரு சிக்கலும் இருக்கின்றன. மனித முகம் என்றால் சாயல் தப்பியது கண்ணை உறுத்தும். முயலுக்குக் காது சற்று நீண்டுவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. இது வசதி. சிக்கல், படம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, பார்ப்பவர் சிரிக்கவும் வேண்டும். இரவு பத்து மணிக்கு வெள்ளைத் தாள் முன்னால் உட்கார்ந்து "இன்றைக்கு என்ன?" என்று யோசிக்க ஆரம்பித்தால் அன்றைய படம் பெரும்பாலும் தொப்பி போட்ட பூனையாகத்தான் முடியும். சவாலைப் பாதியில் விடுபவர்கள் பலருக்கும் கைவேலை நன்றாகவே வரும். எந்த அளவு, எந்தப் பேனா, எந்த விலங்கு, வசனம் உண்டா இல்லையா என்று தினமும் புதிதாக முடிவெடுத்தே களைத்துப்போகிறார்கள். அன்றைய நகைச்சுவை ஒன்றைத் தவிர மற்ற எல்லா முடிவுகளையும் மாதம் பிறக்கும் முன்பே எடுத்து முடித்துவிடுவது நல்லது.

தாளும் பேனாவும்

அளவு சிறியதாக இருக்கட்டும். ஏ6 போதும், அதாவது 105 × 148 மி.மீ., ஒரு அஞ்சலட்டை அளவு. ஏ4 தாளின் பரப்பு இதைப் போல நான்கு மடங்கு. கருப்பு நிரப்பவும் ரோமம் போடவும் ஆகும் நேரமும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் ஏறும். 11 ஏ4 தாளை நான்காக வெட்டினால் 44 துண்டு கிடைக்கும். 31 படத்துக்குப் போக 13 மிச்சம். சோதனைக்கும் கெட்டுப்போவதற்கும் அது சரியாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டி, அடுக்கி, பின்பக்கத்தில் நாள் எண் எழுதி வைத்துவிடுங்கள். கெட்டி அட்டையில் 85 × 125 மி.மீ. அளவுக்கு ஒரு சாளரம் வெட்டிக்கொண்டால், அதை வைத்துப் பென்சிலால் சுற்றிவர இழுத்து ஓரம் போட அரை நிமிடம்தான்.

சாதாரண அச்சுத்தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். அதில் மை, தாளின் நார் வழியே ஊர்ந்து பக்கவாட்டில் பிசிறடிக்கும். தூரிகைப் பேனாவால் கருப்பு நிரப்பினால் தாள் அலையலையாக நெளியும், பின்பக்கமும் ஊறும். 200 முதல் 250 ஜிஎஸ்எம் உள்ள வழவழப்பான தாள், பிரிஸ்டல் என்ற கெட்டி ஓவியத்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது, இந்த இரண்டு தொல்லையையும் தீர்த்துவிடும். நீர்வண்ணத்துக்கான சொரசொரப்புத் தாளைத் தவிர்க்கவும். அதன் மேடுபள்ளத்தில் ஃபைன்லைனர் எனும் மெல்லிய கோட்டுப் பேனாவின் முனை சீக்கிரம் தேயும், சின்னக் கண்ணும் சின்ன எழுத்தும் உடைந்து உடைந்து விழும். ஆனால் வழவழப்புக்கும் ஒரு விலை உண்டு: மை உள்ளே இறங்காமல் மேலேயே நிற்பதால் காய நேரமாகும்.

புதுத் தாளும் புதுப் பேனாவும் சேரும்போது ஒரு சோதனைத் துண்டு அவசியம். ஒவ்வொரு பேனாவாலும் மூன்று கோடு போடுங்கள். அரை நிமிடம் கழித்து முதல் கோட்டை விரலால் தேயுங்கள். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவதன் மேல் ஈரத் தூரிகையை ஓட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து மூன்றாவதை ரப்பரால் அழியுங்கள். எது கரைகிறது, எது வெளிறுகிறது என்பது அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும். பேனாவின் பெயரோடு அதைச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பேனா மூன்று போதும். கண், எழுத்து, நுண்கோடு ஆகியவற்றுக்கு ஒரு மெல்லிய ஃபைன்லைனர்; வெளிக்கோட்டுக்கு ஒரு நடுத்தரம்; கருப்பு நிரப்பவும் துடிப்பான வளைவுக்கும் ஒரு தூரிகைப் பேனா. வாங்கும்போது எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரானில் 01 என்றால் 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ., 08 என்றால் 0.50 மி.மீ. முனையின் எண்ணும் கோட்டின் தடிமனும் ஒன்றல்ல. 05, 08 இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு வேறுபாடு தெரியவில்லையே என்று குழம்புவது இதனால்தான். 01, 05, தூரிகைப் பேனா என்று இடைவெளி விட்டு எடுத்தால் மூன்றும் மூன்று வேலை செய்யும்.

தூரிகைப் பேனாவில் இரண்டு வகை. ஒன்று, அழுத்தினால் வளையும் ஒற்றை முனை. இன்னொன்று, நிஜமாகவே மயிர்க்கற்றை போன்ற நைலான் இழைகள் கொண்டது. இழை வகையில் வரும் கோடு அழகு, ஆனால் பழக ஒரு வாரமாவது பிடிக்கும். சவால் நடக்கும் மாதத்தில் அதை முதன்முறையாகக் கையில் எடுப்பது வீண் வம்பு. முன்பே பழகவில்லை என்றால் ஒற்றை முனை வகையே போதும்.

தொட்டு எழுதும் நிப்பை விரும்புபவர்களுக்கு: புது நிப்பின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதைச் சோப்பு நீரில் கழுவித் துடைக்காவிட்டால் மை முத்து முத்தாகத் திரண்டு விழும். நிப்பின் நடுவில் உள்ள துளை வரை தொட்டால் போதும். மேலே போனால் பிடி வரை மை ஏறி முதல் கோட்டிலேயே சொட்டும். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஈரத்துணியில் துடைக்க வேண்டும். இந்தியன் இங்க் என்று விற்கும் மையில் கரித்துகளோடு பெரும்பாலும் அரக்கும் கலந்திருக்கும். காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது என்பது அதன் நன்மை. அதே காரணத்தால் அதை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றினால் பேனா அடைத்துக்கொள்ளும், கழுவினாலும் மீளாது.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது

ஒரு படத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது என்றால், அதில் 20 நிமிடத்தை மை தொடாமல் யோசனைக்கும் கிறுக்கலுக்கும் கொடுக்கலாம். இது அதிகம் என்று தோன்றும். ஆனால் பலவீனமான நகைச்சுவையை அற்புதமான ரோமத்தாலும் நிழலாலும் காப்பாற்ற முடியாது; நல்ல நகைச்சுவை என்றால் குச்சிக்கோட்டில் வரைந்தாலும் நிற்கும்.

விலங்குக்கு மனித உடை மாட்டிவிடுவதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கண்ணாடி போட்ட நாய் பார்க்க நன்றாக இருக்கும், சிரிப்பு வராது. அந்த இடத்தில் நாய்க்குப் பதில் கரடியை வைத்தாலும் படம் மாறாது என்பதுதான் அதன் குறை. அந்த விலங்கால் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அதற்கு விலங்கைப் பற்றி உண்மையான ஒரு தகவல் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஆந்தையால் கண்ணை உருட்ட முடியாது; பதிலுக்குக் கழுத்தைச் சுமார் 270 பாகை திருப்பும். ஆகவே ஆந்தை ஓட்டும் காரில் பின்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிப் பின் இருக்கையில் போட்டிருக்கும், பயணி அந்தக் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருப்பார். டால்பின் மூளையில் பாதியைத் தூங்கவிட்டு மறுபாதியோடு விழித்திருக்கும், ஒரு கண் திறந்தே இருக்கும். அலுவலகக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிறவி கிடையாது. கடற்குதிரையில் ஆண்தான் குஞ்சுகளைச் சுமக்கும். பிரசவ அறைக்கு வெளியே நகம் கடித்தபடி நடப்பது மனைவி. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. பல் மருத்துவர் பாதிக் கட்டணம் கேட்கிறார். ஆஸ்திரேலியாவின் வாம்பாட் என்ற விலங்கின் சாணம் கனசதுரமாக விழும். கட்டுமானத் தொழிலில் அது பெரும்புள்ளியாக இருப்பதில் வியப்பில்லை. துறவி நண்டுகள் பெரிய ஓடு ஒன்று காலியாகக் கிடந்தால் அளவு வாரியாக வரிசையில் நின்று, முன்னால் இருப்பது விட்ட ஓட்டுக்குள் அடுத்தது புகும். இதில் நாம் சேர்க்க ஒன்றுமே இல்லை, கையில் ஒரு வாடகை ஒப்பந்தத்தைக் கொடுத்தால் போதும்.

இந்த மாதிரித் தகவல்களை மாதத்துக்கு முன்பே ஒரு நோட்டில் சேர்த்து வையுங்கள். பக்கத்தின் இடப்பக்கம் விலங்கின் குணம், வலப்பக்கம் மனிதர் மாட்டிக்கொள்ளும் இடங்கள்: லிஃப்ட், நேர்முகத் தேர்வு, முடிதிருத்தகம், வரிசை, காத்திருப்பு அறை, வீடு மாற்றம், குழுப் புகைப்படம், மருத்துவர். இடத்தில் ஒன்றையும் வலத்தில் ஒன்றையும் கோடிட்டு இணைத்துப் பாருங்கள். பத்து இணைப்பில் ஏழு உப்புச்சப்பில்லாமல் இருக்கும், மூன்று தேறும். அந்த விகிதம் போதும்.

தகவல் சரியா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது, படத்தைப் பார்த்துத் திருத்த வருபவர்களுக்குப் பயந்து மட்டும் அல்ல. உண்மை பெரும்பாலும் கட்டுக்கதையைவிட வேடிக்கையானது. பச்சோந்தி பின்னணிக்கு ஏற்ப நிறம் மாறி மறைந்துபோகும் என்பது ஆயிரம் முறை வரைந்து தேய்ந்த நகைச்சுவை. உண்மையில் அதன் நிறமாற்றத்தில் பெரும்பகுதி மனநிலையையும் உடல் வெப்பத்தையும் ஒட்டியது. எதிரிக்கும் துணைக்கும் காட்டும் சைகை. அப்படியென்றால் பச்சோந்தி சீட்டாடினால் என்ன ஆகும்? நல்ல சீட்டு வந்ததும் உடம்பெல்லாம் கோலாகலம், எதிரில் மூன்று பேர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். நம்மிடம் இருப்பது கருப்பு மை மட்டும் என்பதால் நிறத்துக்குப் பதில் புள்ளி, வரி, சதுரம், வளையம் என்று உடம்பில் கலந்துகட்டி வரையலாம். மையின் குறையே படத்துக்கு அலங்காரமாகிவிடும்.

தமிழில் யோசிப்பவர்களுக்கு இன்னொரு சுரங்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நம் பழமொழிகளில் பாதி விலங்குகள்தான். அவற்றைச் சொல்லுக்குச் சொல் அப்படியே வரைந்தால் பள்ளிப் பாடப் படம்போல் இருக்கும். பழமொழி முடிந்த இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி வரைய வேண்டும். குரங்கு கையில் பூமாலை: குரங்கு மாலையைப் பிய்க்காமல், கூடவே வந்த விளக்கக் கையேட்டை மூக்குக்கண்ணாடி வழியே படித்துக்கொண்டிருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும்: "தரை ஈரம், கவனம்" என்ற பலகையை யானையே வைத்துவிட்டுப் போகிறது, தரையில் யானை வடிவத்தில் ஒரு பள்ளம். பாம்பின் கால் பாம்பறியும்: செருப்புக் கடையில் பாம்பு, "இது கொஞ்சம் கடிக்கிறது" என்கிறது. ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுததாம்: ஓநாய் ஆட்டுக்குக் குடை பிடிக்கிறது, அதன் பையிலிருந்து முள்கரண்டி எட்டிப் பார்க்கிறது. மழைக்கு நேர்கோடுகள், குடைக்குக் கீழே மட்டும் வெள்ளை. அந்த வேறுபாடே முள்கரண்டிக்குக் கண்ணை இழுத்துப் போகும்.

இவற்றில் மைக்கென்றே பிறந்தது ஒன்று உண்டு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இரண்டு கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் பூனை, மேசை, பால் கிண்ணம், பின்னால் கோபத்தோடு வீட்டுக்காரர். இரண்டாவதில் கட்டம் முழுக்கக் கருப்பு, நடுவில் நிம்மதியாகக் கண் மூடிய பூனை மட்டும் வெள்ளை. அந்தக் கருப்பு இல்லாமல் நகைச்சுவையே இல்லை. களைத்துப்போன நாளில் வரையவும் ஏற்றது: இரண்டாம் கட்டத்தில் வரைய ஒன்றுமில்லை, நிரப்பினால் போதும்.

சவாலின் சொல்லைக் கையாளும்போது மனதில் முதலில் வரும் மூன்று எண்ணங்களை எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். அன்று அதே சொல்லோடு உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வருவது அவைதான். "சங்கிலி" என்றால் கட்டிப்போட்ட நாய், சங்கிலியோடு யானை, சைக்கிள் ஓட்டும் கரடி. நான்காவதாக வருவது: மனிதரைக் கட்டிக்கொண்டு காலையில் நடக்கப் போகும் நாய். ஐந்தாவது: சங்கிலித் தொடர் கடிதம் ஒன்றை மரவட்டை பெறுகிறது, தன் ஒவ்வொரு காலுக்கும் ஒரு பிரதி எடுக்கிறது. ஆறாவது வராவிட்டாலும் குறையில்லை.

வரைவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் விபரீதமாக இருக்கட்டும். ஒட்டகம் விமானத்தில் உட்கார்ந்திருப்பது விபரீதம் என்றால், இருக்கை, பணிப்பெண், பக்கத்துப் பயணி எல்லாம் சாதாரணமாக இருக்க வேண்டும். ஒட்டகத்துக்கும் தொப்பி, பயணிக்கும் பெரிய மூக்கு, சாளரத்துக்கு வெளியே பறக்கும் பசு என்று அடுக்கினால் எதைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் கண் அலையும். விலங்கின் முகமும் அமைதியாக இருப்பதே நல்லது. தான் வேடிக்கையாக இருக்கிறோம் என்று தெரிந்த விலங்கு வேடிக்கையாக இருப்பதில்லை.

விலங்கின் உடம்பு

தீப்பெட்டி அளவில் மூன்று சிறு வரைவுகள் போட்டு, அவற்றில் விலங்கை முழுக்கக் கருப்பாக நிரப்பிப் பாருங்கள். நிழலுருவை வைத்தே இது நரி, இது எதையோ எட்டிப் பிடிக்கிறது என்று தெரிந்தால் அந்த வரைவு தேறும். கை உடம்புக்குள் மறைந்து, வால் கால்களுக்குள் புதைந்து ஒரே பொதியாகத் தெரிந்தால், எத்தனை கோடு போட்டாலும் அது தெளியாது. பொருளைப் பிடித்திருக்கும் கையை உடம்பின் ஓரத்துக்கு வெளியே நீட்டி வையுங்கள்.

நாய், குதிரை, ஆடு ஆகியவற்றின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது முட்டி போலத் தெரியும், அது குதிகால். உண்மையான முட்டி மேலே, வயிற்றை ஒட்டி இருக்கிறது. நாலு காலில் நிற்கும்போது இதைத் தெரியாமலும் ஒப்பேற்றிவிடலாம். நாற்காலியில் உட்கார வைக்கும்போதுதான் கால் ஒடிந்த மாதிரி ஆகும். பறவைக்கும் இதே கதைதான். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கின் நடுக்காலில் தெரியும் கணு அதன் கணுக்கால்.

கண் இன்னொரு முக்கிய இடம். வேட்டையாடும் விலங்குகளுக்குப் பொதுவாக இரண்டு கண்ணும் முன்னோக்கி இருக்கும். ஆடு, முயல், மான் போன்றவற்றுக்குத் தலையின் இரு பக்கமும். ஆட்டின் கண்மணி கிடைமட்டப் பட்டை, பூனைக்குச் செங்குத்துப் பிளவு. அந்த ஒரு பட்டையைச் சரியாகப் போட்டால் ஆட்டின் முகத்துக்குத் தானாக ஒரு அசட்டுக் களை வந்துவிடும். உணர்ச்சிக்காகப் புருவம் ஒட்டுவதைக் கூடியவரை தவிர்க்கலாம். மேலிமை பாதி இறங்கினால் சலிப்பு, காது பின்னோக்கிப் படிந்தால் அச்சமோ எரிச்சலோ, வால் கால்களுக்கு நடுவே போனால் குற்றவுணர்வு. விலங்குக்கு இத்தனை கருவி இருக்கும்போது மனிதப் புருவம் எதற்கு?

குளம்பால் பேனா பிடிப்பது எப்படி என்று கேள்வி வரும். விளக்கம் தராமல் குளம்பின் மேல் பேனாவை ஒட்டினாற்போல் வரைந்துவிடுங்கள், யாரும் வழக்குப் போட மாட்டார்கள். குளம்பின் நுனியில் ஐந்து விரல் முளைத்தால்தான் பார்ப்பவருக்கு ஒவ்வாது. பறவைக்குச் சிறகின் நுனி இறகுகளில் மூன்றை விரலாக மடக்கினால் போதும்.

வசனம்

தமிழில் எழுத்துக்கு இடம் அதிகம் வேண்டும், அதைப் படம் முடிந்தபின் தேடக்கூடாது. பென்சிலில் முதலில் எழுத்து, பிறகு அதைச் சுற்றிக் குமிழி, பிறகே விலங்கு. குமிழியை முன்னால் வரைந்துவிட்டு எழுத்தை உள்ளே திணித்தால் கடைசிச் சொல் நசுங்கும்.

எழுத்தின் உயரம் 4 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 01 எண் ஃபைன்லைனர் போதும். தடித்த பேனாவில் மூன்று சுழி 'ண', இரண்டு சுழி 'ன' இரண்டின் சுழியும் அடைத்துக்கொண்டு ஒன்றுபோலாகும். 'ஞ', 'ழ', இரட்டைக் கொம்பு எல்லாம் கரும்புள்ளியாகிவிடும். நம் எழுத்து மேலேயும் கீழேயும் நீள்வதால் வரிக்கும் வரிக்கும் நடுவே எழுத்தின் உயரம் அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஒரு படத்துக்கு எட்டுச் சொல் மேல்வரம்பாக இருக்கட்டும். சிரிக்க வைக்கும் சொல் வாக்கியத்தின் கடைசியில் வர வேண்டும். வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் நம் இயல்பான வாக்கியம் சில நேரம் அதற்குக் குறுக்கே நிற்கும். அப்போது பேச்சுவழக்குக்கு மாறினால் சொற்களை இடம் மாற்றிப் போட வசதி கிடைக்கும். பேசுவது யார் என்பது வாய் திறந்திருப்பதில் தெரிய வேண்டும். இரண்டு விலங்கும் வாய் மூடியிருந்தால் குமிழியின் வால் மட்டும் காப்பாற்றாது.

மை ஏற்றும் வரிசை

பென்சில் எச்பி, மெல்ல. அதைவிடக் கடினமான 2எச் அழுத்தினால் தாளில் பள்ளம் விழுந்து, அதில் மை தேங்கும். மென்மையான 2பி கையில் அப்பிப் படமெல்லாம் அழுக்காகும். வெளிர்நீலப் பென்சிலில் வரைந்தால் பிறகு ஸ்கேன் செய்து கணினியில் அந்த நீலத்தை நீக்கிவிடலாம், அழிக்கும் வேலையே இல்லை. தாளையே வைத்துக்கொள்ளவோ யாருக்காவது கொடுக்கவோ எண்ணம் இருந்தால் அது உதவாது.

மையில் முதலில் கண்ணைப் போடுங்கள். வெளிக்கோடு, ரோமம், பின்னணி எல்லாம் முடித்துக் கடைசியில் கண்ணைப் போட்டு அது கோணிவிட்டால் அரை மணி வேலை வீண். முதலிலேயே கோணினால் அடுத்த தாளை எடுத்துக்கொள்ளலாம். பிறகு எழுத்து. பிறகு முன்னால் இருக்கும் பொருளின் வெளிக்கோடு, அதன்பின் பின்னால் இருப்பவை. இந்த வரிசை மாறினால் மேசைக் கோடு பூனையின் வயிற்றுக்குள் ஓடிவிடும். அடுத்தது ரோமமும் கோட்டு நிழலும். பெரிய கருப்பை நிரப்புவது எல்லாவற்றுக்கும் கடைசியில், ஏனென்றால் காய அதிக நேரம் எடுப்பதும் கை பட்டு இழுபடுவதும் அதுதான். வலக்கைக்காரர் இடமிருந்து வலமாகவும் இடக்கைக்காரர் வலமிருந்து இடமாகவும் நகர, கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத்தாள் இருக்கட்டும்.

நீண்ட வளைவை விரலால் இழுத்தால் நடுங்கும். பேனா தாளில் படாமல் அதே பாதையில் இரண்டு மூன்று முறை காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முழங்கையிலிருந்து ஒரே இழுப்பில் போடுங்கள். உங்கள் கைக்கு எந்தத் திசையில் வளைவு நன்றாக வருகிறதோ அதற்கு ஏற்ப தாளைத் திருப்பிக்கொள்ளுங்கள். யானையின் முதுகு சரியாக வரவில்லை என்பவர்கள் பெரும்பாலும் தாளை அசைக்காமல் வரைபவர்கள்.

ரோமத்தை உடம்பெங்கும் போட வேண்டாம். கன்னம், நெஞ்சு, முழங்கை, வயிற்றின் அடி, வால் ஆகிய இடங்களில் மூன்று மூன்று கோடாகக் கொத்துக் கொத்தாகப் போட்டு மற்றதை வெள்ளையாக விட்டால் கண் தானே நிரப்பிக்கொள்ளும். ஒரே நீளம், ஒரே இடைவெளி என்று போனால் ரோமம் வேலிபோல் நிற்கும். கருப்பு விலங்குகளில், காகம், எருமை, கரடி, உள்ளே உள்ள கோடுகள் தெரிவதற்கு வெள்ளைக் கோடு விட்டுவிட்டு நிரப்ப வேண்டும்: சிறகுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மி.மீ. வெள்ளை, முதுகின் மேல் ஒரு மினுக்கு. நிழலுக்குக் குறுக்குக்கோடு போடும்போது இரண்டு அடுக்குக்கு மேல் போகாதீர்கள். இரண்டாம் அடுக்கு முதலடுக்கைச் செங்குத்தாக வெட்டினால் சாக்குத்துணி மாதிரி தெரியும். 30 பாகைச் சாய்வில் வெட்டினால் மென்மையாகப் படியும்.

சாம்பல் நிறம் வேண்டுமென்றால் மூன்று சிறு கிண்ணங்களில் ஒரு துளி மைக்கு நான்கு, பத்து, இருபத்தைந்து துளி தண்ணீர் என்று கலந்து வைத்தால் மூன்று படிநிலை கிடைக்கும். கோடு தண்ணீருக்குக் கரையாத மையில் இருக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சோதனைத் துண்டு அதற்குத்தான்.

கருப்பு நிரப்பியபின் குறைந்தது 15 நிமிடம் ரப்பர் பக்கம் போகக்கூடாது. காய்ந்துவிட்டது என்று மேலே தெரிந்தாலும் தடித்த இடங்களில் ஈரம் இருக்கும், ஒரு இழுப்பில் சாம்பல் வால் நீளும். பிசைந்து உருட்டும் ரப்பரால் ஒற்றி எடுப்பதே பாதுகாப்பு. தேய்த்து அழித்தால் கோட்டின் கருமையும் கொஞ்சம் சேர்ந்தே போகும். போன இடத்தில் மறுபடி ஒரு கோடு.

கெட்டுப்போனால்

மை சொட்டினால் துடைக்காதீர்கள், துடைத்தால் சொட்டு கறையாகும். ஒற்றுத்தாளின் முனையால் மேலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிட்டு, முழுக்கக் காயவிட்டு, பிறகு பாருங்கள். ஈயாகவோ, மாட்டின் மேல் ஒரு திட்டாகவோ, தூரத்துப் பறவையாகவோ அது பிழைத்துக்கொள்ளும். விலங்குப் படத்தில் கறைக்கு எப்போதும் வேலை கிடைக்கும் என்பது இந்தப் பொருளின் பெரிய சலுகை. வெள்ளை ஜெல் பேனாவால் திருத்தலாம். அடியில் கருப்பு காயவில்லை என்றால் வெள்ளை சாம்பலாகும், அதன் மேல் மீண்டும் ஃபைன்லைனர் ஓட்டினால் முனை அடைக்கும். முகமே கெட்டுவிட்டால் அதே தாளின் ஒரு துண்டில் முகத்தை மட்டும் வரைந்து வெட்டி ஒட்டுங்கள். ஸ்கேன் செய்யும்போது ஓரத்தின் நிழல் லேசாக விழுந்தால் வெளிச்ச அளவைக் கூட்டினால் மறைந்துவிடும். அச்சுக்கு வரைந்தவர்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலைதான் இது, வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃபைன்லைனர் முனை உள்ளே அமுங்கினால் அழுத்தம் அதிகம் என்று பொருள். அதைத் தூக்கிப் போட வேண்டாம். மை வற்றிய பேனா ரோமத்துக்கும் தூரத்து மரத்துக்கும் வெளிர்ந்த கோடு தரும்.

இரண்டாம் வாரம்

முதல் வார வேகம் ஒன்பது பத்தாம் நாளில் இறங்கும். கடினமான படத்துக்கு அடுத்த நாளில் எளியது வருமாறு பட்டியலை முன்பே அமைத்தால் இறக்கம் தாங்கும். பத்து நிமிடத்தில் முடியும் நான்கு எண்ணங்களைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்: இருட்டில் இரண்டு கண்கள், வசனம் மட்டும், சுவருக்குப் பின்னால் தெரியும் வால், மணலில் காலடித்தடம் மட்டும். ஒரே ஆமையையோ காகத்தையோ ஒரு வாரம் தொடர்ந்து வரைவதும் உதவும். முன், பக்கம், பின் மூன்று கோணத்தில் அதை ஒருமுறை வரைந்து எதிரில் வைத்துக்கொண்டால் தினமும் புது உருவம் தேட வேண்டாம். ஐந்தாம் நாள் ஆமைக்கு முதல்நாள் ஆமைக்கு இல்லாத ஒரு குணம் வந்திருக்கும்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு வரையக்கூடாது. இரண்டும் அவசரமாக வரும், அதற்கடுத்த நாளும் கெடும். அந்த எண்ணை விட்டுவிட்டு அன்றைய எண்ணுக்குப் போங்கள். மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடிப்பதால் கட்டைவிரல் அடி வலிக்கும். பேனாவின் மேல் துணிப்பட்டையோ ரப்பர்க் குழாயோ சுற்றித் தடிமனாக்கினால் பிடி தளரும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். வலி மணிக்கட்டுக்கு ஏறினால் அன்று வரைவதை நிறுத்திவிட வேண்டும், சவால் காத்திருக்கும்.

படமெடுத்து வைப்பது

இரவு விளக்கடியில் கைபேசியில் எடுத்தால் ஒரு மூலை மஞ்சளாகவும் மறுமூலையில் கை நிழலுமாக வரும். காலையில் நேர்வெயில் படாத ஜன்னலோரம் தாளைப் படுக்க வைத்து, சற்று உயரத்திலிருந்து இரு மடங்கு ஜூமில், தாளுக்கு இணையாகப் பிடித்து எடுங்கள். மிக அருகில் எடுத்தால் ஓரங்கள் வளையும். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல்நிலை. வெள்ளையும் கருப்பும் முழுமையாக வரும்வரை அளவைச் சரிசெய்யுங்கள், ஆனால் 01 பேனாவின் நுண்கோடுகள் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பதிவேற்றச் சிறிதாக்கிய பிரதி தனி, மூலக்கோப்பு தனி.

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பதென்றால் நடுவில் மெல்லிய தாள் இடுங்கள், புதுக் கருப்பு அடுத்த படத்தின் முதுகில் ஒட்டும். சாய வகை மை வெயிலில் வெளிறும். நிறமித்துகள் உள்ள மையும் கரி மையும் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும், ஆகவே சுவரில் மாட்ட நினைக்கும் படங்களை ஆரம்பத்திலிருந்தே அவற்றில் வரையுங்கள்.